நாட்டை அளந்த படையதிகாரி



தலைநகரில் உத்தியோகம் பார்க்கும் தென்னாட்டவருக்குக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வண்டியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை விடுப்புப் பெற்று, குழந்தை குட்டிகளுடனும் மூட்டை முடிச்சுகளுடனும் புது தில்லியில் ஏறினால், நருமதையைக் கடந்து, நாகபுரியைத் தாண்டி, கோதாவரியும் கிருஷ்ணையும் பின்னிடச் சென்னை வந்து சேர்கிறோம். நாகபுரிக்குத் தெற்கே, வார்தாவை அடுத்து, ஹிங்கன்காட் என்று ஓர் ஊர் வரும். பருத்தி வாணிபத்திற்குப் பெயர் பெற்ற ஊர். பல ஆண்டுகள் அந்த ஊர்ப் பலகையைச் சன்னல் வழியே படித்ததன்றி அதைப் பற்றி நான் வேறொன்றும் அறிந்திருக்கவில்லை. ஒரு முறை அலுவலகத்தில் நில அளவை பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்க நேர்ந்தது. அப்போதுதான், 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அவ்வூரில் ஒரு முதிய படையதிகாரி காலமானார் என்றும், அவருடைய கல்லறை இன்றும் அங்கே உள்ளதென்றும் அறிந்தேன்.

அவர் பெயர் வில்லியம் லாம்டன். லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தவர். ஆயினும் அவர் எந்தப் போரையும் முன்னின்று வென்றவர் அல்லர். எந்த நாட்டையும் ஆண்டவர் அல்லர். இந்தியத் துணைக்கண்டத்தை முறைப்படி அளக்கும் பெரும்பணியை 1802ஆம் ஆண்டில் தொடங்கி, சற்றேறக்குறைய இருபது ஆண்டுகள் இடைவிடாது அதனைச் செய்து, அப்பணியின் வழியிலேயே மாண்டவர். பிற்காலத்தில் இமயத்தின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தை உலகம் அறிந்துகொண்டதும், இந்நாட்டின் தேசப் படங்கள் நம்பத்தக்கனவாக அமைந்ததும் அவர் இட்ட அடித்தளத்தினால்தான். அவருடைய வாழ்க்கையைப் பற்றியும், அந்த வேலையின் தன்மையைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

லாம்டன் இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் மாகாணத்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1753ஐ ஒட்டியது என்பர். இளமையிலேயே கணிதத்தில் அவருக்குப் பெரும் நாட்டம் இருந்தது. 1780களின் தொடக்கத்தில் படையில் சேர்ந்து, 33ஆம் காலாட்படைப் பிரிவைச் சார்ந்தவரானார். பின்னர் வட அமெரிக்காவில், இன்றைய கனடாவைச் சேர்ந்த நியூ பிரன்ஸ்விக் பகுதியில், படை வீடுகளைப் பராமரிக்கும் சிறிய பொறுப்பில் ஆண்டுகள் பல கழித்தார். ஆரவாரமற்ற அந்த வாழ்வில், கிடைத்த ஓய்வையெல்லாம் கணிதத்திலும் வானநூலிலும் செலவிட்டார். சூரிய கிரகணம் ஒன்றைப் பார்க்கும்போது அவருடைய ஒரு கண் பழுதுற்றது என்றும் சொல்வர்.

அவருடைய படைப்பிரிவு 1796இல் இந்தியாவுக்குக் கப்பலேறியது. அதன் தலைவராக இருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்று, வெலிங்டன் கோமகன் என்று புகழ்பெற்றவர். லாம்டன் கல்கத்தாவிலும் பின்னர்ச் சென்னையிலும் தங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேற்பட்டிருந்தது. கூச்ச சுபாவமும் சிக்கனமும் கொண்டவர், அதிகம் பேசாதவர். பெரும்பதவி பெறுவார் என்று அவரைப் பார்த்த எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். நம்மில் நாற்பதைக் கடந்த உத்தியோகஸ்தர் பலர், இனி நம் வாழ்வில் புதிதாக என்ன இருக்கிறது என்று கருதி அமைதியடைந்துவிடுகிறோம். லாம்டனின் உண்மையான பணி அந்த வயதிற்குப் பிறகுதான் தொடங்கியது.

1799ஆம் ஆண்டு திப்பு சுல்தானுடன் நடந்த இறுதிப் போரில் அவர் ஜெனரல் பெயர்டு என்பவரின் கீழ்ப் பணியாற்றினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே ஓர் இரவு, பெயர்டு ஒரு படையுடன் சென்று திரும்பிக்கொண்டிருந்தார். வழி தெரியாத இருள். லாம்டன் வானத்து விண்மீன்களைப் பார்த்து, படை வடக்கு நோக்கிச் செல்லவில்லை, தெற்கு நோக்கிச் செல்கிறது என்று உணர்ந்தார். அவ்வாறே போயிருந்தால் திப்புவின் படையினரிடம் நேரே சென்று சேர்ந்திருப்பார்கள். தளபதி முதலில் நம்பவில்லை. பிறகு லாம்டன் சொன்னதே சரி என்று தெரிந்தது. படை திரும்பிப் பிழைத்தது. விண்மீனைக் கொண்டு மண்ணில் தான் நிற்கும் இடத்தை அறியும் இந்த ஆற்றலே அவருடைய எஞ்சிய வாழ்வை நிர்ணயித்தது எனலாம்.

மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். மைசூர் அரசின் பெரும்பகுதி கும்பெனியாரின் கைக்கும் அவர்களுடைய நேசர்களின் கைக்கும் வந்தது. அதை அடுத்த இரண்டு ஆண்டுகளில் தென்னாட்டின் வேறு பல பகுதிகளும் கும்பெனியின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டன. இவ்வளவு நிலத்தை அடைந்தவர்களிடம் அந்த நிலத்தின் சரியான படம் இல்லை. படை நடத்தவும், சாலை போடவும், வரி தண்டவும் படம் வேண்டும். இந்தத் தேவையை அறிந்த லாம்டன், சோழமண்டலக் கரை முதல் மலையாளக் கரை வரை தீபகற்பத்தின் குறுக்கே முக்கோண முறையில் ஓர் அளவை நடத்தலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார். வெல்லெஸ்லி அதனை ஆதரித்தார். சென்னை அரசாங்கம் 1800ஆம் ஆண்டில் இசைவு தந்தது.

அரசாங்கத்துக்கு வேண்டியது படம். லாம்டனின் மனத்தில் அதனினும் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பூமி முழு உருண்டை அன்று; துருவங்களில் சற்றே தட்டையானது என்பதை அறிஞர் ஏற்றுக்கொண்டிருந்தனர். அது எவ்வளவு தட்டையானது என்பதைத் துல்லியமாகக் கணிக்க வேண்டுமானால், பூமியின் பல பகுதிகளில் வடக்குத் தெற்காக ஒரு பாகையின் நீளம் எத்தனை மைல் என்று அளந்து பார்க்க வேண்டும். துருவத்தை நெருங்க நெருங்க அந்த நீளம் கூடும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இத்தகைய நீண்ட அளவை அரிதாகவே நடந்திருந்தது. தென்னிந்தியா அதற்கு ஏற்ற களம் என்று லாம்டன் கண்டார். கும்பெனியின் தேவையும் விஞ்ஞானத்தின் தேவையும் இவ்வாறு ஒரே வேலையில் வந்து பொருந்தின.

முக்கோண அளவை என்பது யாது? பள்ளியில் நாம் கற்ற கணக்குத்தான். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிட்டு விடலாம். முதலில் சமவெளியில் ஒரு கோட்டினைச் சங்கிலி கொண்டு அளக்க வேண்டும். அதனை ஆதாரக் கோடு என்று சொல்வோம். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியைப் பார்த்துக் கோணங்களைக் குறித்தால் முதல் முக்கோணம் அமைந்துவிடும். அதன் ஒரு பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு ஆதாரமாகும். இவ்வாறு குன்றிலிருந்து குன்றுக்கு, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக, நாடு முழுவதும் ஒரு வலை பின்னிச் செல்லலாம். கோணங்களை அளப்பதற்குத் தியோடலைட் என்னும் தொலைநோக்கிக் கருவி வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஆதாரக் கோட்டில் சிறு பிழை நேர்ந்தால், அது முக்கோணம் தோறும் தொடர்ந்து சென்று, நூறு மைலுக்கு அப்பால் பெரும் பிழையாகிவிடும். எங்கள் மொழிபெயர்ப்புத் தொழிலிலும் இதுவே நிலை. ஒரு கலைச்சொல்லை முதல் பக்கத்தில் தவறாக வகுத்துவிட்டால், அந்தத் தவறு சட்டம், விதி, சுற்றறிக்கை என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு திருத்த முற்பட்டால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். ஆகையால் முதல் அளவில் காட்டும் பொறுமைதான் இவ்வேலையின் உயிர். லாம்டன் அதனை நன்கு உணர்ந்திருந்தார்.

கருவிகள் கிடைத்த கதை சுவையானது. 1792இல் இங்கிலாந்து அரசர் சீனச் சக்கரவர்த்தியிடம் மக்கார்ட்னி பிரபுவைத் தூதனுப்பினார். தூதுக் குழு கொண்டுசென்ற விஞ்ஞானப் பொருள்களில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றும் இருந்தது. சக்கரவர்த்தி அவற்றை விரும்பவில்லை. அச்சங்கிலி எப்படியோ கல்கத்தா வந்து, விலைக்கு வாங்கப்பெற்று, லாம்டனின் கைக்கு வந்தது. ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் கொண்டது அது. பெரிய தியோடலைட்டோ லண்டனில் கேரி என்ற கருவி வல்லுநரால் செய்யப்பட்டது. அரை டன் எடை. அதன் கோண வட்டம் 36 அங்குல விட்டம். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலில் கைப்பற்றி மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோயினர். பெட்டியைத் திறந்து, உள்ளிருப்பது அறிவியல் கருவி எனக் கண்டதும், அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் மரியாதையுடன் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். பகை நாட்டவரிடையேயும் அறிவுக்கு இத்தகைய மதிப்பு அக்காலத்தில் இருந்தது.

1800ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூருக்கு அருகே சோதனையாக ஒரு கோட்டினை அளந்து பார்த்த பின்னர், 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னையில் பெருவேலை தொடங்கிற்று. பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோடு. சித்திரை வைகாசி வெயில் எத்தகையது என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலியை வெறுந்தரையில் இழுத்து அளக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரத் தொட்டிகளை வரிசையாக மட்டம் பார்த்து நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினர். எஃகு வெப்பத்தில் நீளும் அல்லவா? ஆதலால் வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நீளத்தைத் திருத்தினர். ஏழரை மைலுக்கு நானூறு முறை சங்கிலி வைத்தாக வேண்டும். நானூறு முறையும் அதே கவனம். கோடை முழுவதும் இதில் சென்றது. முடிவில் கிடைத்தது 40,006 அடிக்குச் சற்று மேற்பட்ட ஒரு நீளம்.

இவ்வளவு பாடும் பயன் தந்ததா? தந்தது. பரங்கிமலைக் கோட்டிலிருந்து மேற்கே முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டு லாம்டன் பெங்களூர் வரை போனார். 1804இல் பெங்களூருக்கு அருகில் மீண்டும் ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தபோது, கணக்கு சொன்ன நீளத்துக்கும் சங்கிலி சொன்ன நீளத்துக்கும் இருந்த வேற்றுமை நான்கு அங்குலத்துக்குள் அடங்கியது. ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில் நான்கு அங்குலம்! பின்னர் அவ்வலை மேலைக் கடற்கரையை எட்டியது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டி வந்தன. உண்மையில் 360 மைல்தான் என்று லாம்டன் நிறுவினார். தீபகற்பத்தின் அகலத்தில் நாற்பது மைல் இல்லாத நிலம் அதுவரை தாளில் இருந்து வந்திருக்கிறது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. இந்தியாவின் படத்தை வரைந்து புகழ்பெற்றிருந்த மேஜர் ரென்னல் லண்டனில் இருந்தார். வானநூல் முறையில் இடங்களைக் குறித்துக்கொண்டால் போதுமே, இத்தனை செலவு எதற்கு என்பது அவர் கருத்து. அரச வானநூலார் மாஸ்கெலின் லாம்டனுக்குத் துணை நின்று விளக்கம் தந்தார். சென்னையிலும் நிதிக் குழுவினர் கணக்குப் பார்த்தனர். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டியவன் பல்லக்குக்காரனிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவன் கொண்டுபோய் விட்டுவிடுவான், இதற்குப் படம் எதற்கு என்று ஒருவர் கேட்டதாகச் செய்தி உண்டு. அரசாங்க அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. உடனடிப் பயன் தெரியாத வேலைக்குப் பணம் கேட்பவனுக்கு எக்காலத்திலும் இதே பதில்தான் கிடைக்கிறது.

அடுத்து லாம்டன் தெற்கே திரும்பினார். 78ஆம் தீர்க்க ரேகையை ஒட்டி வடக்குத் தெற்காக ஒரு முக்கோண வரிசையை இழுத்துச் செல்வதென்பது அவர் நோக்கம். மலைநாட்டில் குன்றுகள் உதவின. தஞ்சைச் சீமைக்கு வந்ததும் இடர்ப்பாடு நேர்ந்தது. அங்கே குன்றில்லை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நெல்வயலும் தென்னந்தோப்புமே. உயர்ந்து நின்றவை கோயில்களே. ஆகையால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றிப் பார்வை பார்க்கலாயினர்.

1808ஆம் ஆண்டு, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினர். இராசராச சோழன் 1010இல் நிறைவு செய்த அந்த விமானம் இருநூறு அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. பாதி வழியில் கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள கருவி விமானத்தின் கற்சுவரில் மோதிற்று. கோணங்களைக் காட்டும் பெருவட்டம் வளைந்து உருக்குலைந்தது. இந்நாட்டில் அதற்கு மாற்று இல்லை. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வர ஆண்டுகள் ஆகும். வேறொருவராயிருந்தால் பழியை யார்மேல் போடலாம் என்று விசாரணை நடத்தியிருப்பார். லாம்டன் தொழிலாளர் சிலரை உடன் வைத்துக்கொண்டு, கருவியை அக்கு அக்காகக் கழற்றினார். தட்டையான பலகையில் வட்டத்தின் உண்மையான அளவை வரைந்து வெட்டிக்கொண்டு, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் வளைந்த உலோகத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து, பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். ஆறு வாரம் வேறு வேலை இல்லை. அதன்பின் அதே கருவியைக் கொண்டே அளவையைத் தொடர்ந்தார். 1809இல் குமரிமுனைப் பகுதியை அடைந்தார்.

தெற்கு எல்லை முடிந்ததும் வடக்கு நோக்கித் திரும்பினார். 1811இல் அனந்தப்பூர்ப் பகுதியிலுள்ள குத்தியிலும், 1815இல் பீதர் நகருக்கு அருகிலும் சரிபார்ப்புக்காக ஆதாரக் கோடுகளை அளந்தார். நிசாமின் நாட்டினூடே பணி சென்றது. குமரிமுனை தொடங்கிப் பீதர் வரை ஏறத்தாழப் பத்துப் பாகை நீளமுள்ள வில் இவ்வாறு அளந்து முடிக்கப்பட்டது. பூமியின் வடிவத்தை ஆராய்வோர்க்கு அது பெருஞ்செல்வமாயிற்று. லண்டன் ராயல் சொசைட்டி 1817இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1818 சனவரி முதல் அவருடைய அலுவல் சென்னை அரசாங்கத்தின் கையிலிருந்து தலைமை ஆளுநரின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, இந்திய மாபெரும் முக்கோண அளவை என்ற பெயரையும் பெற்றது. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் அவருக்குத் தலைமை உதவியாளராக வந்து சேர்ந்தார்.

எவரெஸ்ட் வந்தபோது லாம்டனுக்கு வயது அறுபத்தைந்து இருக்கும். தளர்ந்த உடல். ஆயினும் பெரிய தியோடலைட்டைச் சரிசெய்ய எழுந்து நின்றால் முதுமை எங்கோ மறைந்து, பழைய வலிமை திரும்பிவிடும் என்று எவரெஸ்ட் வியந்து எழுதியுள்ளார். 1822இன் கடைசியில் தம் முகாமை ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்கு மாற்ற லாம்டன் புறப்பட்டார். நெஞ்சு நோய் முற்றியிருந்தது. நாகபுரியை அடையுமுன், ஹிங்கன்காட்டில் அவர் உயிர் பிரிந்தது. அதுவரையில் ஏறத்தாழ 1,65,000 சதுர மைல் பரப்பு அவருடைய முக்கோண வலைக்குள் வந்திருந்தது.

இவ்வளவையும் ஒருவர் செய்தார் என்று சொன்னால் அது உண்மையாகாது. சென்னை அளவைப் பள்ளியில் பயின்ற ஜோஷுவா டி பென்னிங் முதலிய உதவியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவருடன் உழைத்தனர். அவர்களுக்கும் கீழே, பெயர் எழுதப்படாத பெருங்கூட்டம் ஒன்று இருந்தது. அரை டன் கருவியைக் குன்றின் உச்சிக்குத் தோளில் சுமந்தவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள், சங்கிலி பிடித்தவர்கள், நாட்கணக்கில் மலையுச்சியில் கொடியை நாட்டிக்கொண்டு காத்திருந்த கலாசிகள். மழைக்காலத்தில் காற்று கழுவியதுபோல் தெளிந்திருக்கும். தொலைவிலுள்ள குறி நன்கு தெரியும். ஆகையால் அளவைக்கு ஏற்றது அப்பருவமே. காட்டுக் காய்ச்சலுக்கும் ஏற்றது அதே பருவம். 1819இல் கிருஷ்ணை கோதாவரி நதிகளுக்கு இடைப்பட்ட காட்டில் எவரெஸ்டின் முகாம் முழுவதும் காய்ச்சலில் விழுந்தது, சிலர் மாண்டனர். எவரெஸ்ட் உடல் தேறுவதற்கு நன்னம்பிக்கை முனை வரை சென்று வந்தார். சுமைகாரருக்கு அத்தகைய வசதி இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கிராமத்து மக்கள் இந்தக் கூடாரங்களையும் கொடிகளையும் ஐயத்துடன் நோக்கினர். தொலைநோக்கியால் அந்தப்புரப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று சிலர் சினந்தனர். நிலத்தை அளந்தவன் அடுத்து வரி கேட்பான் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அளந்து படம் வரையப்பட்ட நாட்டை ஆள்வதும், அதற்குள் படை நடத்துவதும் எளிது. கும்பெனியார் இதற்குப் பணம் கொடுத்ததும் அந்த எண்ணத்தினால்தான். லாம்டனின் கணக்கில் பிழை தேடுவது அரிது. அவர் யாருக்காகக் கணக்கிட்டார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

லாம்டனுக்குப் பின் எவரெஸ்ட் பொறுப்பேற்று, அதே முக்கோண வரிசையை வடக்கே இழுத்துச் சென்று, 1841இல் இமயத்தின் அடிவாரத்திலுள்ள டேராடூன் பகுதியில் முடித்தார். குமரிமுனையிலிருந்து ஏறத்தாழ 1,500 மைல். 1831இல் கணக்காளராகச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் என்ற வங்காள இளைஞர் கணிதத்தில் நிகரற்றவராக விளங்கினார். ஆர்க்காட்டைச் சேர்ந்தவரும் சென்னையில் நகை வேலை செய்தவருமான மீர் மொகுசின் உசேன் என்பவர் அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கும் வல்லுநராக உயர்ந்தார். முக்கோண வலையின் முனைகளிலிருந்து இமயச் சிகரங்களை நோக்கிக் கோணங்கள் குறித்தனர். அவ்வாறு கிடைத்த அளவுகளைக் கொண்டு, 15ஆம் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் மிக உயர்ந்தது என்று முடிவு செய்து, அதன் உயரம் 29,002 அடி என 1856இல் வெளியிட்டனர். அதற்கு எவரெஸ்ட் என்ற பெயர் சூட்டப்பட்டது. நேபாளமும் சீனமும் புதிய கருவிகளால் அளந்து 2020இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்; அதாவது 29,031 அடிக்குச் சற்று மேல். இரண்டுக்கும் வேற்றுமை முப்பது அடிக்குள்தான். சிகரத்தை நெருங்கவும் இயலாமல், நூறு மைலுக்கும் அப்பால் நின்று கணித்த அளவு அது.

எவரெஸ்டின் பெயர் மலையின் மேல் நிலைத்தது. மாபெரும் முக்கோண அளவையை நினைவுகூர்ந்து 2004இல் நம் அஞ்சல் துறை வெளியிட்ட தலைகளில் ராதாநாத் சிக்தாரின் உருவம் இடம்பெற்றது. இந்த வரிசைக்கு முதல் முளை அடித்த லாம்டனின் பெயரைப் படித்தவர்களிலும் சிலரே அறிவர். சங்கிலி பிடித்தவர்களின் பெயரை ஒருவரும் அறியார்.

இதனால் அவர்களுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சென்னை வெயிலில் முந்நூற்றுத் தொண்ணூறாம் முறை சங்கிலி வைக்கும்போது, சற்றுக் கண்ணயர்ந்து குறித்திருந்தாலும் அப்போது கேட்பார் எவரும் இல்லை. அந்தப் பிழை பெங்களூரிலும் பீதரிலும் வளர்ந்து, ஐம்பது ஆண்டுகள் கழித்து இமயத்தின் உச்சியில் சென்று நின்றிருக்கும். தம் வாழ்நாளில் தாம் காணப்போகாத ஒரு முடிவுக்காக முதல் அளவைச் சரியாக அளந்தார்கள். பொதுப் பணியில் இருப்பவர் எவராயினும், கோப்பு எழுதுபவராயினும் பாலம் கட்டுபவராயினும் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லித் தருபவராயினும், அவருடைய வேலையில் இத்தகைய ஒரு முதல் அளவு இருக்கவே செய்கிறது. அதைப் பார்ப்பார் அருகில் இருப்பதில்லை.

சென்ற முறை ஊருக்குப் போகும்போது, வார்தாவைத் தாண்டியதும் என் மகனை எழுப்பி, ஹிங்கன்காட் பலகையைக் காட்டினேன். இங்கே என்ன இருக்கிறது அப்பா என்று கேட்டான். வண்டி சென்னை சேர்வதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதைதான். அதையே இன்று உங்களுக்கும் சொன்னேன்.